படுகளத்தில் தெளிக்கும் தண்ணீர்

1

டிசம்பர் மாதத்தில் கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்து ராஜஸ்தானி சங்க அரங்கில் எழுத்தாளர்களும் வாசகர்களும் இரண்டு நாள் கூடிப் பேசுகிறார்கள். கூட்டத்தை நடத்துகிறவர்கள் தங்கள் அமைப்புக்கு வைத்துக்கொண்ட பெயர் ஒரு கற்பனை ஊரின் பெயர். விஷ்ணுபுரம். ஜெயமோகன் எழுதி 1997-ல் வெளிவந்த நாவலில்தான் அந்த ஊர் இருக்கிறது. சிவந்த நீர் ஓடும் சோனா நதிக்கரையில், கண்ணுக்கு அடங்காத ஒரு கோயிலைச் சுற்றி, பல நூற்றாண்டு வாழ்ந்து அழிகிற ஊர் அது. அந்தப் பெயரில் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010 முதல் விருது வழங்கிவருகிறது. ஆ.மாதவன் முதலில் பெற்றார். பூமணி, தேவதேவன், தெளிவத்தை ஜோசப், ஞானக்கூத்தன் என்று வரிசை தொடர்ந்தது.

இல்லாத ஊர் ஒன்று இருக்கிற மனிதர்களை ரயிலேற்றி வரவழைக்கிறது. அதன் பேரால் நட்புகள் உண்டாகின்றன. தேநீர் இடைவேளையில் முன்பின் தெரியாத இருவர் அந்த ஊரின் தெருக்களைப் பற்றிச் சொந்த ஊர்த் தெருக்களைப் போலப் பேசிக்கொள்வதைக் கேட்டால், கற்பனைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும்.

எனக்குக் கிடைத்த விடை இரண்டு பகுதி கொண்டது. அந்த உலகம் நம்மை வியக்க வைக்க வேண்டும். அதில் வாழ்வதற்கு ஒரு காரணமும் இருக்க வேண்டும். வியப்பும் நம்பிக்கையும். இந்தக் குறிப்புகள் அந்த இரண்டைப் பற்றியவை.

2

ஆர்.எஸ்.புரத்துத் தெருக்கள் நேரானவை. ஒன்றை ஒன்று செங்குத்தாக வெட்டிச் செல்பவை. காலை நடையில் பொன்னுரங்கம் சாலையைக் கடந்து சம்பந்தம் சாலைக்குத் திரும்பும்போது, இதையும் யாரோ முதலில் மனத்தில்தான் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூரைப் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கியது. அந்தப் பயத்தின் சாட்சியாகப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் நகரில் நிற்கின்றன. கடைவீதியைச் சுற்றிய பழைய ஊரில் சந்துகள் குறுகல், வீடுகள் நெருக்கம், தண்ணீர் பஞ்சம். அதற்கு மேற்கே அகலமான சாலைகளோடு வளர்ந்த இந்தக் குடியிருப்பு நகராட்சித் தலைவர் சி.எஸ்.இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைப் பெற்றது. அவருடைய திவான் பகதூர் பட்டம்தான் டி.பி. சாலையின் பெயரில் இருக்கிறது. மலையின் மறுபக்கம் ஓடும் சிறுவாணியின் நீரை இந்த ஊர்க் குழாய்க்குக் கொண்டுவரும் முயற்சியிலும் அவர் பெயர் சேர்ந்தே பேசப்படுகிறது.

கொள்ளைநோய்க்காக அம்மனுக்குக் கோயில் எடுத்த அதே ஊரில் சிலர் அகலமான தெருவையும் மலைத் தண்ணீரையும் கற்பனை செய்தார்கள். பயத்துக்கு நடுவிலிருந்து வந்த கற்பனை அது. அதனால்தான் அதற்கு முதலில் தெரிந்தவை காற்றும் தண்ணீரும். நோயில் தவித்தவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த கற்பனை, மாளிகையிலிருந்து தொடங்காது.

3

ஆர்.எஸ்.புரத்திலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் பேரூர். பட்டீசுவரர் கோயிலைப் பற்றி 18-ம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் பேரூர்ப் புராணம் பாடினார். அந்தத் தலத்துக்கு ஐந்து அதிசயங்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போனவை முதல் இரண்டு: இறவாப் பனை, பிறவாப் புளி. ஒன்று சாகாத மரம். இன்னொன்றின் விதை மறுபடி முளைக்காது.

கொங்கு நாட்டில் பனையும் புளியும் யாரும் நின்று பார்க்காத மரங்கள். ஒன்று வேலியோரம், மற்றது சாலையோரம். புராணம் தன் அதிசயத்தைக் கற்பக விருட்சத்தில் வைத்திருக்கலாம். அது எல்லோரும் தினமும் பார்க்கிற மரங்களில் வைத்தது. பேரூருக்குப் போய்வந்த குழந்தை அடுத்த நாள் வீட்டோரத்துப் புளியமரத்தையும் வேறு கண்ணால் பார்க்கும்.

இதே தலத்தில் சிவனும் பார்வதியும் பள்ளனும் பள்ளியுமாக வயலில் இறங்கி நாற்று நட்டதாக ஒரு கதை உண்டு. தேடி வந்த சுந்தரர் கோயிலுக்குள் கடவுளைக் காணாமல் வயலில் கண்டாராம். ஆனி மாதத்தில் இன்றும் நாற்று நடவுத் திருவிழா நடக்கிறது. உழைக்கிறவரின் உருவம் கடவுளுக்குப் பொருந்தும் என்று ஒரு கதை சொல்லிவிட்டால், சேற்றில் நிற்பவரைப் பார்க்கும் பார்வை ஒரு நாளாவது மாறியாக வேண்டும். மாறாத இடங்களும் உண்டு. ஆனால் மாறுவதற்கான வழி கதைக்குள் திறந்தே இருக்கிறது.

புதிய உலகம் எழுதுகிறவர்கள் வானத்தில் இரண்டு நிலா வைக்கிறார்கள். வைக்கட்டும். வேலியோரம் ஒரு மரத்தையும் வைக்க வேண்டும்.

4

தமிழில் உருவான மந்திரப் பொருள்களிலேயே என் மனத்துக்கு மிக நெருக்கமானது அமுதசுரபி.

மந்திரப் பொருள் என்றதும் வாள், கேடயம், பறக்கும் குதிரை என்று நினைக்கிறோம். சாத்தனார் மணிமேகலையின் கையில் கொடுத்தது பிச்சைப் பாத்திரம். அள்ள அள்ளக் குறையாது சோறு தரும் என்பதே அதன் ஆற்றல். ஒரு காப்பியத்தின் அற்புதம் முழுவதும் பசித்த வயிற்றை நோக்கித் திரும்பியிருக்கிறது.

அந்தப் பாத்திரத்தின் முன்கதையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆபுத்திரன் என்ற அநாதைக்கு மதுரையில் சிந்தாதேவி அதைக் கொடுக்கிறாள். பஞ்சத்தில் அவன் எல்லோருக்கும் சோறு போடுகிறான். பிறகு இந்திரன் மழையைக் கொட்டச் செய்கிறான். நாடு செழிக்கிறது, பசித்து வருகிறவர் இல்லை. வேலையற்றுப்போன ஆபுத்திரன், சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்க, அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவில் கையில் குறையாத சோற்றுப் பாத்திரத்தோடு ஒருவன் நிற்கிறான். தனக்கு மட்டும் சமைத்துக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வெளியே தோன்று என்று சொல்லிக் கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் துறக்கிறான்.

வைகாசி விசாக நாளில் அந்தப் பாத்திரம் பொய்கையில் மேலெழும். அப்படி எழுந்த ஒரு நாளில்தான் அது மணிமேகலை கைக்கு வருகிறது.

எடுத்து எடுத்துச் சாப்பிடுகிறவர்கள் நிறைந்த கதைகள் உண்டு. பகிர ஆள் இல்லாத இடத்தில் அற்புதத்தை வைத்துக்கொள்ள மறுத்தவனின் கதை இது. மனிதர் இப்படியும் இருக்க முடியும் என்று ஒரு கவிஞர் நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கை இல்லாமல் ஆபுத்திரனை ஒருவரால் எழுத முடியாது.

5

அற்புதத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதையும் அந்தப் பாத்திரத்திடமே கற்றுக்கொள்ளலாம்.

கையில் வந்த உடனே அது சோறு பொழிவதில்லை. முதல் பிச்சையைக் கற்புடைய ஒருத்தி இட வேண்டும். மணிமேகலை ஆதிரையின் வாசலுக்குப் போகிறாள். ஆதிரை இட்ட சோறுதான் பெருகத் தொடங்குகிறது. யானைத்தீ என்னும் தீராப் பசி நோயால் வாடிய காயசண்டிகை முதலில் பசி தீர்கிறாள்.

தெய்வம் தந்த பொருளும் இன்னொரு வீட்டுச் சோற்றைக் கேட்டு வாங்கித்தான் வேலை செய்கிறது. மந்திரம் மனிதரைத் தேவையற்றவராக்கவில்லை, அவரை வாசலுக்கு வரவழைக்கிறது. எதையும் எப்போதும் செய்யும் மந்திரம் இரண்டாம் அத்தியாயத்திலேயே அலுத்துவிடும். ஒரே ஒரு நாளில் எழுவது, ஒருத்தியின் கையை எதிர்பார்ப்பது என்று எல்லை இருந்தால் வாசகர் காத்திருப்பார். காத்திருக்கும் மனத்தில்தான் வியப்பு தங்கும்.

பிறகு மணிமேகலை புகார் நகரத்துச் சிறைக்குள் போய் அங்கிருப்பவர்களுக்குச் சோறிடுகிறாள். என்ன வேண்டும் என்று அரசன் கேட்க, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் சொல்கிறாள். அப்படியே ஆகிறது. ஒரு பாத்திரத்தில் தொடங்கிய அற்புதம் கடைசியில் ஓர் அரசாணையாக முடிகிறது. அதே காப்பியத்தில்தான் பின்னர் கடல் பொங்கிப் புகாரை விழுங்குகிறது. அழிவு வரும் என்று தெரிந்த கவிஞர், அதற்கு முன் சிறைக் கதவைத் திறந்துவைக்கிறார்.

6

கொங்கு நாடு தனக்கென்று கட்டிக்கொண்ட பெரிய கதை உலகம் அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர், அவர்கள் தங்கை அருக்காணித் தங்காள். உடுக்கடித்து இரவிரவாகப் பாடும் கதை. முன்பாட்டுக்காரர் ஓர் அடி பாட, பின்பாட்டுக்காரர் பிடித்துக்கொள்வார். பாட்டு நிற்கும் இடத்தில் பேச்சு, பேச்சு நிற்கும் இடத்தில் பாட்டு. பெரியவர்கள் விடிய விடியக் கேட்பார்கள். பிள்ளைகள் தூங்கிவிழுந்து, பன்றி வேட்டை வரும்போது மட்டும் எழுப்பச் சொல்லுவார்கள்.

அந்தப் பன்றி கொம்பன். காட்டிலிருந்து இறங்கி வயல்களை நாசம் செய்கிற பெரும் பன்றி. அதை வீழ்த்தச் சகோதரர்கள் ஆளும் நாயுமாகப் புறப்படுகிறார்கள். பொன்னாச்சி என்ற சின்னப் பெட்டை நாயைக் கூப்பிடாமல் போய்விடுகிறார்கள். அவள் மனம் நோகிறாள். வேட்டை நடக்கவில்லை. அவளை மதித்து அழைத்து வந்த பிறகுதான் கொம்பனுக்கு முடிவு வருகிறது. பெரிய நாய்களால் ஆகாத காரியத்தை அவள் பல் செய்கிறது.

பாடுகிறவர் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார். நாய் பேசும் இடமல்லவா. கேட்கிற கூட்டத்தில் கூப்பிடப்படாதவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். பந்தியில் கடைசியாக உட்கார்பவர்கள், பேச்சில் கேட்கப்படாதவர்கள். அந்த உலகத்தின் மிகப் பெரிய ஆபத்து தீர்வதற்கான சாவி அதன் மிகச் சிறிய உயிரிடம் இருக்கிறது என்பதை அவர்களும் கேட்கிறார்கள்.

நம்பிக்கையை வசனமாக எழுத வேண்டியதில்லை. யாருக்கு எந்த வேலை என்று ஓர் உலகத்தை அமைக்கும்போதே அதை உள்ளே வைத்துவிடலாம்.

7

யாருடைய நம்பிக்கை என்ற கேள்வியையும் எழுதிவைக்கிறேன்.

அண்ணன்மார் கதை நிலத்தை உழுது ஆண்டவர்களின் பக்கத்திலிருந்து சொல்லப்படுவது. அதில் காட்டு வேட்டுவர்கள் பகைவர்கள். வயலுக்காகக் காடு அழிந்தபோது அவர்கள் இழந்தது என்ன என்பதை அவர்கள் வாயால் பாடினால் வேறு கதை வரும். சகோதரர்களின் உயிர்த்துணையான சாம்புவன் ஒடுக்கப்பட்ட குலத்தவன். வீரத்தில் முன்னால் நிற்கிறவன், மரியாதையில் பின்னால் நிறுத்தப்படுகிறான்.

ஓர் உலகத்தின் வளம் இன்னொருவரின் இழப்பின் மேல் நிற்கும்போது அதன் நம்பிக்கை அரைகுறையானது. இதற்காகப் பழைய கதையைத் தள்ளிவைக்க நான் சொல்லமாட்டேன். அதன் வியப்பைக் கைக்கொண்டு, காட்டின் பக்கத்திலிருந்தும் சாம்புவனின் பக்கத்திலிருந்தும் புதிதாக எழுத வேண்டும். விரிவடைய இடம் கொடுக்கிற உலகமே நல்ல உலகம்.

8

சகோதரர்கள் சாகிறார்கள். கதையில் இதற்கு மாற்று இல்லை. ஆனால் கதை அங்கே முடிவதில்லை.

தங்கை தேடி வருகிறாள். காடு முழுக்கக் கூப்பிட்டு அழுது, உடல்களைக் கண்டுபிடிக்கிறாள். தெய்வ அருளால் பெற்ற நீரைத் தெளிக்கிறாள். இறந்தவர்கள் எழுகிறார்கள். தங்கையோடு பேசுகிறார்கள். எங்கள் காலம் முடிந்தது என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். விவரம் பாடகருக்குப் பாடகர் மாறும். எழுப்புதல் மட்டும் மாறாது.

கோயில் திருவிழாக்களில் இதுவே படுகளமாக நிகழ்கிறது. மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் மாசித் திருவிழா பெரிது. கொங்குக் கிராமங்களிலும் படுகளம் உண்டு. உடுக்கைச் சத்தம் ஏற ஏற, அருள் வந்த ஆண்கள் ஒவ்வொருவராக மண்ணில் சாய்கிறார்கள். விறைத்துக் கிடக்கிற அவர்கள்மேல் வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள். நேற்று வரை பக்கத்து வீட்டில் பால் கறந்துகொண்டிருந்தவர் இப்போது பிணமாகக் கிடக்கிறார். பெண்கள் மாரடித்து அழுகிறார்கள். அழுகை பாவனையாகத் தொடங்கினாலும் பாவனையாக நிற்பதில்லை. அவரவர் வீட்டில் போனவர்களை நினைத்து அழுகிறார்கள்.

அப்புறம் தண்ணீர் தெளிக்கப்படுகிறது. கிடந்தவர்களில் ஒருவரின் விரல் அசைகிறது. துணிக்கடியில் மூச்சு ஏறி இறங்குகிறது. ஒருவர் எழுந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்க்கிறார். அவருடைய மகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

கதையில் வீரர்கள் நிலைத்து வாழவில்லை என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஆண்டுதோறும் எழுப்புகிறார்கள். சாவைத் திருத்தி எழுதாமல், சாவுக்குப் பின் ஒரு சொல் பேசிக்கொள்ளும் நேரத்தை வாங்கிக்கொள்கிறார்கள். நம்பிக்கைக்கு இதைவிட நேர்மையான வடிவத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

9

1965-ல் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி, இந்தக் கதையை உடுக்கைப் பாடகர் பாடப் பாட நாடாவில் பதிவுசெய்தார். பல இரவுகளின் பாட்டு அது. 1982-ல் அதைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். பின்னர் தமிழும் ஆங்கிலமுமாகக் கதையைப் பதிப்பித்தார். பல ஆண்டுகள் கழித்து, கனடாவிலிருந்தபடி அதை 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடராகவும் ஆக்கினார்.

தொலைவிலிருந்து வந்த ஓர் இளம்பெண் கேட்டு முடித்த கதையை வாழ்நாள் முழுக்க விடவில்லை. வாய்மொழிக் கதையைப் பழமைச் சின்னமாக எண்ணியிருந்தால் நூலோடு நிறுத்தியிருப்பார். குழந்தைகள் பார்க்க வேண்டும் என்று படமாக்கத் துணிந்ததில்தான் அவருடைய வியப்பு தெரிகிறது.

வியப்பு கைமாறக்கூடியது. பாடகரிடமிருந்து ஆய்வாளருக்கு, அவரிடமிருந்து ஊர் தெரியாத பிள்ளைக்கு. அதற்குச் சாதி கிடையாது, குடியுரிமையும் கிடையாது.

10

ஈரோட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1924-ல் பிறந்த கே.சி.சிவசங்கரன் சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். 1950-களின் தொடக்கத்தில் அம்புலிமாமா இதழில் சேர்ந்தார். 'சங்கர்' என்ற கையெழுத்தோடு சுமார் அறுபது ஆண்டுகள் வரைந்தார். 2020-ல் மறைந்தார். தோளில் உடலைச் சுமந்து, கையில் வாளோடு சுடுகாட்டில் நடந்துபோகும் விக்கிரமாதித்தன் அவர் வரைந்தவன். நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கிய அந்த இதழ் பல இந்திய மொழிகளில் வந்தது. எனவே ஒரு கொங்குக்காரரின் கை வரைந்த சுடுகாட்டில் இந்தியக் குழந்தைகள் பலர் நடந்திருக்கிறார்கள்.

அந்தப் படத்தில் மண்டையோடு உண்டு, பேய் மரம் உண்டு, இருட்டு உண்டு. எந்தக் குழந்தையும் அதைப் பார்த்துப் பத்திரிகையை மூடியதில்லை. காரணம் ராஜாவின் நடை. அவன் போய்க்கொண்டே இருக்கிறான். வேதாளம் கதை சொல்லி, இதில் யார் செய்தது சரி என்று கேட்கிறது. தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். பதில் சொல்லி மௌனம் கலைந்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். இரண்டில் எது நடந்தாலும் அவனுக்கு நஷ்டம். அவன் ஒவ்வொரு முறையும் நியாயத்தைச் சொல்கிறான். மறுபடி மரமேறுகிறான்.

மாதா மாதம் ஒரு நாட்டின் பிள்ளைகள் இதைப் படித்தார்கள். பயங்கரமான இடத்திலும் நியாயத்தைப் பேசலாம், தோற்றபின் மறுபடி போகலாம் என்று யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. படம் நடந்துகாட்டியது.

அதே 1947-ல் கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் நிறுவனம் எடுத்த 'ராஜகுமாரி' வெளிவந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம், மந்திர தந்திரக் கதை. விடுதலை வந்த ஆண்டில், பஞ்சாலைச் சங்கு ஊதிய ஊரிலிருந்து தமிழ்த் திரைக்கு ஒரு மாய உலகம் புறப்பட்டது.

11

நம்பிக்கை நிறைந்த கற்பனை சிறுபிள்ளைத்தனமானது, முதிர்ந்த கலை இருளைத்தான் சொல்லும் என்று பலர் கருதுகிறார்கள். இந்தக் கருத்தை மதித்து யோசித்துப் பார்த்தேன். அழிவை எழுதுவதில் உண்மை இருக்கிறது. விஷ்ணுபுரமே பிரளயத்தில் மூழ்குகிற ஊர்தான். அதைப் படித்து முடித்த மனம் சோர்ந்து போகிறதா? எனக்கு அப்படி ஆகவில்லை. மூழ்கும்வரை அங்கே மனிதர்கள் ஞானத்தைத் தேடி வாதிட்டார்கள், கல்லைச் செதுக்கினார்கள், காதலித்தார்கள். பேரழிவு அந்தத் தேடலைப் பொய்யாக்கவில்லை.

மாய உலகக் கதைகள் எழுதிய ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1916-ல், முதல் உலகப் போரில், சோம் போர்க்களத்தின் அகழிகளில் இருந்தவர். நெருங்கிய நண்பர்களைப் போரில் பறிகொடுத்தவர். அவர் 1939-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி உரையாற்றினார். எல்லாம் கைவிட்டுப்போன கணத்தில் எதிர்பாராமல் வரும் நல்ல திருப்பமே அத்தகைய கதைகளின் உயர்ந்த பணி என்றும், அது துயரமும் தோல்வியும் இருப்பதை மறுப்பதில்லை என்றும் அவர் கருதினார். அடுத்த உலகப் போர் வாசலில் நின்ற ஆண்டு அது.

அகழியிலிருந்து வந்தவரும் படுகளத்தில் தண்ணீர் தெளிப்பவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். சாவைக் கிட்டத்தில் பார்த்தவர்களின் நம்பிக்கை இது. அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

12

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. பேரூர்ப் புராணம் அதைக் காஞ்சி நதி என்று கொண்டாடுகிறது. வழிநெடுகக் குளங்களை நிறைத்து, திருப்பூரைத் தாண்டி, காவிரியில் சேர்கிறது. பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாய ஆலைகளின் கழிவு தேங்கியது. கீழே இருந்த வயல்கள் கெட்டன. விவசாயிகள் வழக்கு நடத்தினார்கள். 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவைத் துளியும் வெளியே விடாத முறைக்கு ஆலைகள் மாற வேண்டியதாயிற்று.

இந்த ஆற்றின் அழிவை எழுத இன்று கற்பனை தேவையில்லை, பாலத்தில் நின்றால் போதும். இன்னும் நூறு ஆண்டு கழித்து இதே ஆற்றில் ஒரு பிள்ளை குனிந்து தண்ணீர் குடிப்பதை எழுதத்தான் கற்பனை தேவை. அந்த நாளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம், யார் விட்டுக்கொடுத்தார்கள், சாயப் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு என்ன வாழ்வு கிடைத்தது, குளங்களை யார் தூர் வாரினார்கள், எந்தச் சண்டை எப்படித் தீர்ந்தது என்பதெல்லாம் தெரிந்தால்தான் அந்தக் காட்சியை நம்பும்படி எழுத முடியும். நம்பிக்கையான உலகம் எழுதுவதற்கு இருண்ட உலகம் எழுதுவதைவிட அதிக விவரம் வேண்டும். அதிக உழைப்பும் வேண்டும்.

கதை எழுதும் தம்பி, தங்கைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் உலகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் இருட்டாக்குங்கள். நகரங்களைக் கடலில் மூழ்கடியுங்கள், வீரர்களைக் களத்தில் சாயுங்கள். ஆனால் எழுதத் தொடங்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பசித்தவருக்குச் சோறு எங்கிருந்து வரும்? கூப்பிடப்படாதவர் யார், அவரைக் கூப்பிட்டால் என்ன மாறும்? விழுந்தவரை எழுப்ப யார் தண்ணீர் கொண்டுவருவார்? இந்த மூன்றுக்கும் விடை உள்ள ஓர் உலகத்தை நொய்யல் கரையில் வைத்து எழுதுங்கள். கொங்கு நாட்டுக்கு இன்று அப்படி ஒரு கதை வேண்டும்.